உள்ளிருந்து தட்டியவர்கள்

நம்புவது உங்கள் இஷ்டம். நடந்ததை மட்டும் எழுதுகிறேன். யூதர்களான நாங்கள் ஓய்வுநாளில் பேனாவைத் தொடுவதில்லை. அதனால் வெள்ளி மாலை நடந்ததை, சனிக்கிழமை இரவு மூன்று நட்சத்திரம் தெரிந்து ஓய்வுநாள் முடிந்த பிறகுதான் என் மாலை வகுப்பு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். நடுவில் ஒரு முழு நாள் என்னையே சந்தேகப்பட்டுப் பார்த்தேன். எதுவும் மாறவில்லை.

எங்கள் ஹங்கேரிய ஊரின் பழைய யூத ஜெப ஆலயத்தை நகரசபை புதுப்பித்து முடித்திருந்தது. ஒப்பந்தப்படி, வேலை முடிந்த முதல் வெள்ளியன்று சூரியன் மறைவதற்குள் எங்களில் ஒருவர் உள்ளே விளக்கேற்ற வேண்டும். தவறினால் அது கச்சேரி மண்டபம். சாவி, மண்டப மேலாளர் பிரோஷ்காவுக்கு.

அந்த அம்மா கையில் கடிகாரத்தோடு வாசலிலேயே நின்றார். "ஒரு பெஞ்சு நிரம்ப உங்க ஆளுங்க இருக்காங்களா தம்பி? சாவியைக் குடுத்துடு. பாட்டாவது கேட்கும்."

சாவி லிப்போட் மாமாவின் பொறுப்பு. எண்பத்தொரு வயது. இடுப்பு முறிந்து படுத்திருந்தவர், காலையில்தான் அதை என் கையில் வைத்தார்.

"டேய் ஆர்மின், மூணு தடவை தட்டிட்டுத் திற. ஆளில்லாதப்ப செத்தவங்க உள்ள ஜெபம் பண்ணுவாங்க. தட்டினா எழுந்து போயிடுவாங்க."

"போகலைன்னா?"

"உன் மூஞ்சியப் பார்த்ததும் போயிடுவாங்க."

மாலை 3:31. டிசம்பரில் இங்கே சீக்கிரமே இருட்டிவிடும். சூரியன் மறைய இருபத்து மூன்று நிமிடம். தட்டினேன்.

டொக்... டொக்... டொக்.

உள்ளிருந்து பதில் வந்தது.

டொக்... டொக்... டொக்.

வெந்நீர்க் குழாயாக இருக்கும் என்று நினைத்தேன். கொதிகலனை இன்னும் இயக்கவே இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

3:33. மறுபடி தட்டினேன். மறுபடி பதில். இம்முறை வேகமாக. என் இடுப்பு உயரத்திலிருந்து...

ஓடியிருக்கலாம். ஓடினால் சாவி போய்விடும். இந்த ஊரிலிருந்து எங்களை ஒருமுறை கிளப்பினார்கள். போதும்.

"இது எங்க இடம். நான் உள்ள வரேன்," என்று சத்தமாகச் சொன்னேன்.

திறந்தேன்.

யாருமில்லை.

ஜன்னல்களில் மட்டும் ஆவி படிந்திருந்தது. உள்பக்கம்.

கதவின் உட்புறம், இடுப்பு உயரத்தில்... மூன்று சிறு குழிகள்.

3:40. விளக்கேற்றினேன். பிரோஷ்கா கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

நேராக மாமா வீட்டுக்கு நடந்தேன். உள்ளிருந்து பதில் வந்ததைச் சொன்னதும் ஒன்றுதான் கேட்டார்.

"திறந்தியா?"

"திறந்தேன். தட்டினா போயிடுவாங்கன்னு சொன்னீங்களே?"

"வெளியே பூட்டியிருந்தா எங்கடா போவாங்க?"

அப்புறம்தான் சொன்னார். 1944. அவருக்கு ஆறு வயது. நாஜி முகாமுக்கு ரயிலேற்றும் முன் ஊர் யூதர்கள் எல்லோரையும் அங்கேதான் அடைத்தார்கள். மூன்று நாள். "எங்க அக்கா ரோஸா... எட்டு வயசு. தட்டிக்கிட்டே இருந்தா. வெளியே ஜனங்க நடக்குற சத்தம் கேட்டுச்சு. ஒருத்தரும் திறக்கல."

திங்கட்கிழமை தச்சரிடம் அந்தக் குழிகளைப் பற்றிக் கேட்டேன். பழைய கதவு எப்போதோ விறகாகிவிட்டதாம்.

"இது புதுக் கதவு தம்பி. வியாழக்கிழமைதான் மாட்டினோம். குழியா? வழவழன்னு இழைச்சுல்ல வெச்சேன்!"

விளக்கேற்றியும் நகரசபை மறுபடி சாவி கேட்டிருக்கிறது. முடியாது என்று எழுதி, கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன்.

நாளை வெள்ளி. தட்டுவேன். பதில் வரும்.

திறப்பேன்.