நிறம் போன தண்ணீர்

அறுபதுகளில் மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் அவரைப் பார்ப்பேன். ஆற்றோரச் சாயத் தொழிற்சாலையில் எஞ்சினியர், தமிழர். வெள்ளைச் சட்டை, நகக்கண்ணில் போகாத சிவப்பு. மீன்காரியிடம், "கடலா, புழையா சேச்சி?" என்று கேட்காமல் மீனைத் தொடமாட்டார்.

"ஆத்து மீனுக்கு என்ன சார்?" என்றேன் ஒருநாள்.

"கலர் தண்ணிய ஆத்துல விடக்கூடாதுன்னு உத்தரவு வந்துது. முழுசா சுத்தம் பண்ணினா உற்பத்தி குறையும்னார் முதலாளி. கலரை மட்டும் எடுக்க நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். எனக்குப் பிரமோஷன். விஷம் அப்படியேதான் போகுது."

"யாருக்கும் தெரியலையா?"

"முன்னெல்லாம் தண்ணி சிவந்தா வலைய எடுத்துருவாங்க. இப்ப எதைப் பாத்து எடுப்பாங்க?"

என்னிடம் இவ்வளவும் சொன்னவர் மீன்காரியிடம் எதுவும் சொல்லவில்லை. கடல் மீனை வாங்கிக்கொண்டு படகேறினார். விற்காத ஆற்று மீனை அவள் தன் வீட்டுக்கென்று எடுத்து வைத்தாள்.