திருப்பிப் போட்ட ஸ்வெட்டர்

இன்று காலை ஆன்லைன் வகுப்பில் இன்சைட் அவுட், பேக் டு ஃப்ரன்ட் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுத்தேன். தமிழில் இரண்டையும் ‘திருப்பிப் போட்டிருக்கு’ என்றே முடித்துவிடுகிறோம், இங்கிலீஷில் அது பத்தாது என்று கொஞ்சம் அலட்டிக்கொண்டேன்.

வைஸ் வெர்ஸாவுக்கும் பாடப்புத்தகத்திலிருந்து ஓர் உதாரணம் சொன்னேன். நான் அக்காவைப் பார்த்துக்கொள்கிறேன், வைஸ் வெர்ஸா. அதாவது, அக்காவும் என்னைப் பார்த்துக்கொள்கிறாள்.

மதியம் மலை மிஸ்ட்டுக்குள் நடந்து மூஞ்சிக்கல் கடைத்தெருவுக்குப் பால் வாங்கப் போனேன். கடைக்கார பாய் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“டீச்சர், ஸ்வெட்டரத் திருப்பிப் போட்டிருக்கீங்க.”

“உள்பக்கம் வெளியவா, முன்பக்கம் பின்னாலயா பாய்?”

“ரெண்டுந்தாங்க.”

குனிந்து பார்த்தேன். தாடைக்குக் கீழே லேபிள் தொங்கிக்கொண்டிருந்தது. வகுப்பு முழுக்க என் கேமரா ஆனில்தான் இருந்தது.

“கெளம்பும்போது வீட்ல யாரும் பாத்துச் சொல்லலியா டீச்சர்?”

“எல்லாருக்கும் சோலி பாய்.”

பொய்தான். வீட்டில் நான் மட்டும்தான்.

வகுப்பில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த முறை மியூட்டை எடுத்துவிட்டுச் சொல்லிவிடுங்கள். இந்த வீட்டை நான் நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன். வைஸ் வெர்ஸா மட்டும் கிடையாது.