சொல்லிவிட்டு இறங்குகிறவர்

"முக்குல திரும்பறேன், எடது பக்கம் வர்றேன், யார்னா இருந்தா சொல்லுங்க!" என்று கூவிவிட்டு, ஒரு காலைத் தரையில் ஊன்றி, பதிலுக்குக் கொஞ்சம் காத்திருந்து, அதன் பிறகே திண்டிவனம் கடைத்தெரு முனையில் சைக்கிளைத் திருப்புகிறார் இருதயராஜ். சைக்கிளில் பெல் இருக்கிறது. அடிப்பதில்லை. "பெல்லு, ஆள் இருக்கறான்னுதான் சொல்லும். எங்க இருக்கறான், எந்தப் பக்கம் போறான்னு சொல்லுமா?" என்பார்.

ஊர்ப் பையன்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? சுவருக்கு அந்தப் பக்கம் ஒளிந்துகொண்டு ஒருவன் "நானும் வர்றேன்" என்று குரல் கொடுப்பான். "சரி, நீ மொதல்ல வா நைனா" என்று இவர் வெயிலில் நிற்பார். யாரும் வரமாட்டார்கள். நின்றுகொண்டே இருப்பார். கடைசியில் ஒளிந்திருந்தவனுக்கே சங்கடமாகி, ஒன்றும் அறியாதவன்போல நடந்து வெளியே வருவான். "தேங்க்ஸ்பா" என்பார். அந்த விளையாட்டில் அதற்குமேல் ருசி இருக்காது.

இருதயராஜ் பைலட். ரயிலை முந்திக்கொண்டு பட்டணத்துப் பத்திரிகைகளைத் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் கொண்டுவரும் ஒரு கம்பெனியின் சிறு விமானத்தை ஓட்டுகிறார். தகப்பனார் கோலியனூர்ப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். "அவுரு மாட்ட அதட்டனாரு, நான் இன்ஜின அதட்டறேன்" என்பார். ஆள் கட்டை குட்டை. மீசை மட்டும் ஒரு சாண்.

பட்டணத்தில் கோபுரம் கட்டி, அதன்மேல் ஒருவர் உட்கார்ந்து "நீ இறங்கு, நீ நில்லு" என்று ரேடியோவில் சொல்கிறாராம். நம் ஊரில் அது கிடையாது. சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன ஓடுபாதையும் ஒரு தகரக் கொட்டகையும்தான். கொட்டகையில் ஒரு பழைய பெட்டி. அதில் கேட்கலாம், பேச முடியாது. தினமும் காலையில் அதில் இருதயராஜின் குரல் கரகரக்கும்.

"திண்டிவனம், திண்டிவனம். கம்பெனி பிளேன் பேசறேன். ஏரிக்கு மேல இருக்கறேன். தெக்கால சுத்திக்கினு வந்து, கெழக்கால இருந்து எறங்கப் போறேன். வேற யார்னா இருந்தா வாயத் தொறங்க."

முதலில் இங்கிலீஷ், அப்புறம் தமிழ். திரும்பும்போது ஒரு தரம், இறங்கும்போது ஒரு தரம், தரையில் ஓடி ஒதுங்கிய பிறகு "பாதை காலி" என்று ஒரு தரம். கேட்பது ஒரு நாயும், கொட்டகையில் கூடும் பையன்களான நாங்களும்.

"பதிலே வர்றதில்லியே, யாரும் இல்லன்னுதான அர்த்தம்?" என்று நாங்கள் கேட்டதற்கு, "இருந்தும் பேசாதவன் இருப்பான்டா. அவனுக்கும் சேத்துதான் பேசறேன்" என்றார். சண்டைக் காலத்தில் விழுப்புரம் புல்தரையில் அவர் வயர்லெஸ் கூலியாக இருந்தபோது, இரண்டு விமானங்கள் ஒரே பாதையில் எதிரெதிர் முனையிலிருந்து இறங்கினவாம். "ரெண்டு பேருமே கெட்டிக்காரனுங்க. வாயத்தான் தொறக்கல. நான் காதுல மாட்டிக்கினு ஒக்காந்துகினு இருந்தேன். ஒரு சத்தம் வரல. அப்பறம் வந்துது பாரு சத்தம்."

போன மாசம் மேனேஜர் பெரியசாமி விமானத்தில் இருந்த ரேடியோவுக்குத்தான் வேட்டு வைத்தார். "பொட்டிய கழட்டிட்டா ரெண்டு கட்டு பேப்பர் கூட ஏறும். காத்துகிட்ட பேசறதுக்கு கம்பெனி பெட்ரோல் போடுதா?"

"பொட்டி எடைய நான் என் ஒடம்புல கொறைச்சிக்கறேன், சார்."

பெரியசாமி சிரித்துவிட்டார். "கொறைச்சிக் காட்டு. மல்லாட்டை மண்டியில நிறுத்துப் பாப்போம். தராசு தாழ்ந்துச்சுன்னா பொட்டியும் கீழ, நீயும் கீழ."

அன்று முதல் இருவேளை கேப்பைக் கூழ், அதுவும் தண்ணீராக. விமானத்தின் கதவைக் கழற்றிவைத்தார். உட்காரும் மெத்தையைத் தூக்கிப்போட்டார். பூட்ஸைப் பையன்களிடம் விளையாடக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு ஏறினார். "ஊர்ல அவன் அவன் சம்பாரிச்சு தொப்ப போடறான். இந்த மனுசன் பேசறதுக்காகப் பட்னி கெடக்குது" என்று அவர் மனைவி சவுரியம்மாள் தெருவெல்லாம் சொன்னாள். சொல்லிக்கொண்டே கூழில் மோரை ஊற்றினாள். அவர் மேலே நின்ற மோரை வடித்துவிட்டுக் குடித்தார்.

நிறுக்கும் நாளன்று மண்டியில் நிலக்கடலை வாங்க வந்தவர்களைவிட வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அதிகம். கம்பெனி எழுதிவைத்திருந்த அவருடைய பழைய எடையில் பெட்டியின் எடையைக் கழித்து, கழற்றிய சாமான்களின் எடையைக் கூட்டி, தராசுக்காரர் முத்துசாமி ஒரு தட்டில் படிக்கல்லை அடுக்கினார். மறு தட்டில் இருதயராஜ் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தட்டு தாழ்ந்தது. சட்டையைக் கழற்றினார். பெல்ட்டைக் கழற்றினார். பனியனையும் கழற்றினார். முள் எழுந்து எழுந்து வந்து, நடுவுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுகொண்டது.

"ஒரு கை மல்லாட்டைதான் பாக்கி" என்றார் முத்துசாமி, வருத்தத்தோடு.

"கையோ காலோ, தாழ்ந்தா தாழ்ந்ததுதான்" என்றார் பெரியசாமி. "பொட்டிய கழட்டச் சொல்லட்டுமா?"

இருதயராஜ் தட்டிலிருந்து இறங்கி, வாசலில் கடை விரித்திருந்த நாவிதர் மண்ணாங்கட்டியின் முன்னால் போய் உட்கார்ந்தார். தலை முழுக்க வழித்துக்கொண்டு, பளபளவென்று திரும்பி வந்து ஏறினார். முள் நடுங்கியது. நடுவுக்கு ஒரு மயிரிழை இருந்தது.

மறுபடி இறங்கினார். மறுபடி போய் உட்கார்ந்து மேலுதட்டைக் காட்டினார்.

மண்ணாங்கட்டி கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "அய்ய, மீசையவா? பந்தயத்துல தோத்தவன்தான்யா மீசைய எடுப்பான்!"

"ஜெயிக்கறதுக்கு எடுக்கறேன். ஜல்தி தீட்டு."

"இருய்யா, போதும்யா, எந்திரி" என்று பெரியசாமி எழுந்து வந்தார். இருதயராஜ் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தாடையை உயர்த்தி, மீசையின் ஒரு முனையை இரண்டு விரலால் பிடித்து, கத்திக்கு வாகாக இழுத்துக் கொடுத்தார்.