ஈரச் சிமெந்தில் நின்ற பவளக்கொடி ஆயம்மா

ஆயம்மா காலமான செய்தியைக் கேகாலை பஸ் நிலையத்தில்தான் கேட்டேன். கிளினிக்கில் மருந்தெடுத்துக்கொண்டு திரும்பும் வழி. புளத்கொகுபிட்டிய பஸ்ஸின் நடத்துனர் எங்கள் தோட்டத்துப் பையன். டிக்கட்டைக் கிழித்துக்கொண்டே சொன்னார்.

"புள்ளக்காம்பரா ஆயம்மா காலையில ஆஸ்பத்திரியில முடிஞ்சிட்டாங்களாம். ஒங்களுக்கு யாரும் சொல்லலியா அண்ணே?"

யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அவரோடு அதிகமாகச் சண்டை பிடித்தவன் நான்தான்.

தோட்டத்துக்குப் போனபோது வெள்ளைக்கொடி கட்டியாகிவிட்டது. சந்தியில் ஒட்டியிருந்த அறிவித்தலில் "அனைவரிடமும் இனிமையாகப் பழகியவர்" என்று அச்சிட்டிருந்தார்கள். அது உண்மையல்ல. இறந்தவரைப் பற்றிப் பொய் எழுதுவது மரியாதை என்று நான் நினைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பவளக்கொடி ஆயம்மா இனிமையானவர் அல்லர். தேயிலைக் கொழுந்தெடுக்கவும் ரப்பர் பால் வெட்டவும் போகும் தாய்மார் தங்கள் சின்னப் பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவை நீண்ட காலம் பார்த்துக்கொண்டவர். யார் வந்து எதைச் செய்தாலும் அவரிடம் ஒரு நிபந்தனை இருந்தது: "பயமில்லன்னு சொல்றவுங்க மொதல்ல செஞ்சு காட்டுங்க."

ஒருமுறை தொட்டில் கட்ட உத்திரத்தில் புதுக் கொக்கிகள் அடித்தார்கள். அடித்த மேசனையே அதில் தொங்கச் சொன்னார்.

"நான் என்ன வௌவாலா ஆயம்மா?"

"வௌவாலுக்குச் சம்பளம் குடுக்கல. ஒங்களுக்குத்தான் குடுக்குறாங்க. தொங்குங்க."

தொங்கினார். இரண்டாவது கொக்கி கையோடு வந்துவிட்டது. பிறகு ஒரு நாள் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொண்டுவந்த தோட்டத்து மருந்தக டிஸ்பென்சர் ஐயாவை, பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு கரண்டி குடிக்க வைத்தார். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்ததைப் பார்த்துப் பிள்ளைகளும் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தன என்று சொல்வார்கள்.

நான் அந்த நாட்களில் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போடுபவன். மின்வேலையை நானாகப் பழகினேன். கையில் சான்றிதழ் இல்லாததால் கடைசிவரை எனக்கு எலக்ட்ரிஷன் என்ற பெயரைத் தோட்டம் தரவில்லை. அந்த வருத்தத்தை நான் இன்னும் இறக்கி வைக்கவில்லை. இறக்கி வைக்கும் எண்ணமும் இல்லை.

பிள்ளைக்காம்பராவுக்குப் புதுக் கழிவறை கட்டியபோதும் என்னைக் கூப்பிடவில்லை. அந்தக் கட்டடம் பாதைக்குக் கீழே பள்ளத்தில் இருக்கிறது. அதற்கும் கீழே சனங்கள் குளிக்கும் ஓடை. அங்கே மலக்குழி வெட்ட முடியாது. ஆகவே கழிவறைக்குப் பக்கத்தில் சிறு குழியொன்று கட்டி, அதில் பம்பி என்ற மின்மோட்டரை இறக்கி, கழிவை மேலே பாதையோரத் தொட்டிக்கு ஏற்றுவதென்று முடிவானது. வேலை, ஒப்பந்தம் எடுத்துக் கட்டும் டவுன் கொந்தராத்துக்காரரிடம் போனது.

கழிவறைக்குப் பணம் கொடுத்த வெளிநாட்டு விருந்தினர்கள் திறப்பு விழாவுக்கு வந்தார்கள். தோட்டத்தை நடத்தும் துரை நாடாவை வெட்டச் சொல்லி ஆயம்மாவிடம் கத்தரிக்கோலைக் கொடுத்தார். ஆயம்மா வாங்கவில்லை.

"ஐயா, சப்பாத்தக் கழட்டிட்டு இந்த ஈரத்துல நின்னு ஒருக்கா மோட்டரப் போட்டுப் பாருங்க. புள்ளைங்க வெறுங்காலோடதான் நிக்கும்."

துரை சிரித்தார். பிறகு தன் முழங்கால்வரை இழுத்துவிட்ட காலுறையைப் பார்த்தார். பிறகு கொந்தராத்துக்காரரைப் பார்த்தார்.

"பய வென்ன எப்பா ஆயம்மா," என்றார் கொந்தராத்துக்காரர். பயப்பட வேண்டாமாம்.

ஆயம்மாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்டபாடு. ஆனாலும் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று தமிழிலேயே பதில் சொன்னார். "பயமில்லன்னா நீங்க நில்லுங்க மாத்தயா."

மாத்தயாவுக்கு அந்த நேரம் பார்த்து ஓர் அவசரத் தொலைபேசி அழைப்பு வந்தது. பேசிக்கொண்டே பாதைக்கு ஏறியவர் திரும்பி வரவில்லை. ஆயம்மா கழிவறையைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

அடுத்த நாள் துரை அவரை ஒபிசுக்கு அழைத்து, சாவியைத் தராவிட்டால் வேலை போய்விடும் என்று சொன்னார். "வேலய எடுத்துக்கங்க. சாவி புதுசா வர்ற ஆயாவுக்குத்தான்," என்று ஆயம்மா பதில் சொல்லியிருக்கிறார். தாய்மாரும் அவர் பக்கம் இல்லை. "வந்த கக்கூஸயும் தடுத்துப்புட்டா. தலக்கனம்," என்று பேசினார்கள். பிள்ளைகள் பழையபடி தேயிலைக்குள் ஒதுங்கின.

அதற்குப் பிறகுதான் ஒபிசிலிருந்து எனக்கு ஆள் அனுப்பினார்கள்.

மெயினை நிறுத்திவிட்டுக் குழியின் மூடியைத் திறந்தேன். குழிக்குள் தலையை விடவில்லை. அந்த வாயு ஆளைக் கொல்லும். பம்பியை அதன் வயரிலேயே கட்டி இறக்கியிருந்தார்கள். பாரம் தாங்காமல் வயரின் தோல் பம்பியோடு சேரும் இடத்தில் விரிந்திருந்தது. வயர் போதாமல் ஒட்டுப்போட்டு, அந்த ஒட்டை டேப் சுற்றிக் குழிக்குள்ளேயே தொங்கவிட்டிருந்தார்கள். பச்சை வயரை, அதாவது எர்த்தை, வெட்டி மடித்துவிட்டிருந்தார்கள்.

நான் பம்பியை நைலோன் கயிற்றில் தொங்கவிட்டேன். ஒட்டில்லாத ஒரே வயரைப் புதிதாகப் பம்பியிலிருந்து மேலே சுவரில் இருக்கும் பெட்டிவரை இழுத்தேன். யட்டியாந்தோட்டைக் கடையில் ட்ரிப் சுவிட்ச் வாங்கி அந்தப் பம்பிக்கென்றே தனியாகப் போட்டேன். எங்காவது மின்சாரம் கசிந்தால் அது தானாக விழுந்து இணைப்பைத் துண்டித்துவிடும். எர்த் கம்பியை அடிக்க முற்றத்தில் இடமில்லை, எல்லாம் கல். கடைசியில் வாழை மரத்தடியில் ஈரமண் கண்டு அங்கே இறக்கினேன். குழி நிறைந்தால் பம்பி தானே ஓடவும் வடிந்தால் தானே நிற்கவும் மிதவையைச் சரிபார்த்தேன்.

ஆயம்மா முழு நேரமும் வாசற்படியில் நின்று பார்த்தார்.

"முடிஞ்சதா அண்ணே?"

"முடிஞ்சிருச்சு. இனிப் பயமில்ல."

அவர் என் செருப்பைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

"நான் நிக்கமாட்டேன். கரண்ட ஒடம்ப வச்சு சோதிக்கிறது முட்டாள் வேல. அதுக்குன்னு இதுல பட்டன் இருக்கு." அழுத்தினேன். ட்ரிப் சுவிட்ச் விழுந்தது.

"பட்டன அமுத்துனா சுவிச்சு விழுது. புள்ளைக்கு ஒன்னும் ஆகாதுன்னு பட்டன் சொல்லுதா?"

"நான் சொல்றேன்."

"அந்த மாத்தயாவும் சொன்னாரு."

அந்தக் கொந்தராத்துக்காரரையும் என்னையும் ஒரே தராசில் வைத்ததை என்னால் பொறுக்க முடியவில்லை. ஸ்குரு ட்ரைவரைப் பையில் போட்டேன். "என் வேலய நம்பாத எடத்துல நான் நிக்கமாட்டேன்."

"நிக்க வேணாம். சுவிச்ச மட்டும் போட்டுட்டுப் போங்க."

சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினார். வாளித் தண்ணீரைச் சிமெந்தில் ஊற்றினார். சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குழியின் இரும்பு மூடிமேல் ஏறி நின்றார்.

என் வேலையை நான் ஒருநாளும் சந்தேகித்தவன் அல்லன். ஆனால் அன்று சுவிட்சில் வைத்த கையை எடுத்துவிட்டேன். மெயினை நிறுத்திப் பெட்டியை மறுபடி திறந்தேன். ஒவ்வொரு ஸ்குருவையும் இறுக்கினேன். பச்சை வயரை இழுத்துப் பார்த்தேன். வாழையடிக்குப் போய், ஏற்கெனவே இறுகியிருந்த கிளாம்பை இன்னும் இறுக்கினேன்.

"என்ன அண்ணே, பயமில்லன்னீங்க?"

"பேசாம நில்லுங்க."

சுவிட்சைப் போட்டேன். மிதவை மேலே இருந்ததால் பம்பி உடனே ஓடியது. குழாய் ஒருமுறை நடுங்கி, கழிவு மேலேறும் சத்தம் கேட்டது. ஆயம்மா அசையவில்லை. குழி வடிந்து பம்பி தானாக நிற்கும்வரை அங்கேயே நின்றார். பிறகு கீழே இறங்கி, செருப்பைக்கூடப் போடாமல், முதல் பிள்ளையைக் கூட்டிவரப் போனார்.

இதை வாசிக்கும் யாரும் அப்படிச் செய்ய வேண்டாம். சோதிப்பதற்குக் கருவி இருக்கிறது, பட்டன் இருக்கிறது. மனித உடம்பு அதற்கானதல்ல. இதை அவரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "ஒங்க கணக்கு ஒங்களுக்கு," என்பார். அதற்குப் பின் இடி முழக்கத்தில் ட்ரிப் விழுந்தால், எனக்குச் சொல்லியனுப்பாமல் யாரையும் பெட்டியில் கை வைக்க விட்டதில்லை. நான் வந்து பார்த்துத் தருவேன். அப்போதும் நம்புகிறேன் என்றோ, நன்றி என்றோ சொன்னதில்லை. தேத்தண்ணி மட்டும் தருவார். சீனி குறைவாக இருக்கும்.

கடைசிக் காலத்தில் சர்க்கரை நோய் அவர் சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். பார்வையாளர் நேரம் முடியும்வரை டாக்டர்களைப் பற்றிக் குறை சொன்னார்.

ஆயம்மாவின் பாடைத் தேரைப் பிள்ளைக்காம்பரா முற்றத்தில் சற்றுநேரம் இறக்கி வைத்தார்கள். தப்பு மேளச் சத்தம் நின்றது. இப்போதைய ஆயா பிள்ளைகளை வாசலில் வரிசையாக நிறுத்தியிருந்தார். பின்பக்கம் பம்பி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சின்னப்பெண் கழிவறையிலிருந்து வெளியே வந்து, ஈரக் காலோடு அந்த மூடியை மிதித்துக்கொண்டே வரிசைக்கு ஓடினாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. தடுக்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

போய் வாருங்கள், ஆயம்மா. நீங்கள் அன்று செய்தது பிழை. அதை நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.