கிரகோரி சொன்ன 'இல்லை'

கிரகோரிக்கு மலேசியாவின் தென்கோடியில், பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயன ஆலையில் ராத்திரி ஷிப்ட். மனைவி பிரேமலாவுக்குச் சிங்கப்பூரில் வேலை. விடியுமுன் எல்லைப் பாலம் தாண்டிப் போனால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவாள். காலையில் பக்கத்து வீட்டு அக்கா குழந்தையைப் பார்த்துக்கொள்ள, கிரகோரி தூங்கி எழுவான். அதன் பிறகு மகள் ஷர்மைன் அவன் பொறுப்பு. சோறு ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் அவன்தான். அதனால் அவளைப் பற்றி அவனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

ஒன்றரை வயதுத் தடுப்பூசிக்காக அவளை அரசாங்கக் கிளினிக்குக்குத் தூக்கிப் போனான். ஊசி போடுமுன் நர்ஸ் மிஸ்ஸி சந்திரமதி சில கேள்விகள் கேட்டார்.

"பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாக்குறாளா?"

'ஆமா' என்ற சொல் கிரகோரியின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் ஊசியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். மடியில் இருந்த பிள்ளையைப் பார்த்தான். அவள் தண்ணீர் போத்தல் மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

"இல்ல மிஸ்ஸி. தெருவுல ஐஸ்கிரீம் மணி அடிச்சா வாசலுக்கு ஓடுவா. நா கூப்பிட்டா திரும்ப மாட்டா."

"ஏதாச்சும் வேணும்னா வெரலால காட்டுவாளா?"

"இல்ல. என் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி, அது மேல வைப்பா."

மிஸ்ஸி பேனாவைக் கீழே வைத்தார். "நல்லா கவனிச்சிருக்கீங்க. இத மட்டும் வச்சு இதுதான்னு சொல்லிட முடியாது. ஆனா அப்படியே விடவும் கூடாது. மொதல்ல காது டெஸ்ட், அப்புறம் பெரிய ஆஸ்பத்திரியில கொழந்தைங்க டாக்டர். நா எழுதித் தர்றேன்."

அன்று இரவு அவன் ஷிப்டுக்குக் கிளம்புமுன் பிரேமலா கொதித்துப்போனாள். "எல்லாத்துக்கும் ஏன் இல்ல இல்லன்னு சொன்னீங்க? எங்க அண்ணன்கூட லேட்டாதான் பேசுனான். இப்ப அவன் வாய மூட முடியுதா?"

"பிளான்ட்ல கேஸ் அலாரம் அடிச்சா என்னான்னு ஓடிப் போய்ப் பாப்போம் லா. சும்மா அடிக்குதுன்னு யாரும் உக்காந்திருக்க மாட்டோம்."

"பாத்து, ஏதாச்சும் இருந்தா?"

"இருந்தா, சீக்கிரமே தெரிஞ்சுக்கிட்டதா ஆகும்."

பிரேமலா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளில், லீவு போட்டுவிட்டு முதல் ஆளாகக் காரில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

காதில் குறை இல்லை. சில மாதங்கள் பார்த்த பிறகு டாக்டர் ஆட்டிசம் என்றார். திரும்பும் வழியில் கிரகோரி ஒரு பெட்ரோல் நிலையத்தின் ஓரமாகக் காரை நிறுத்தினான். இருவரும் அழுது தீர்த்தார்கள். பின் இருக்கையில் ஷர்மைன் தன் பாட்டுக்கு ஏதோ முனகிக்கொண்டிருந்தாள்.

பயிற்சி உடனே தொடங்கியது. வீட்டில் செய்ய வேண்டியதைப் பயிற்சியாளர் கிரகோரிக்குக் காட்டினார்: தரையில் அவள் முகத்துக்கு நேராக உட்கார வேண்டும், சோப்பு நுரைக் குமிழியை ஊத வேண்டும், சட்டென்று நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவளாகக் கேட்கும் வரை வாயைத் திறக்கக் கூடாது.

ஆலையில் எந்திரம் நின்றுபோனால் கைகட்டிச் சும்மா இருக்கத் தெரியாதவன் கிரகோரி. காத்திருப்பது அவனுக்கு மலையைத் தூக்குவது போலிருந்தது. ஆனாலும் ஒருநாளும் விடவில்லை. முதலில் அவள் குமிழியைப் பார்த்தாள். பிறகு அவன் வாயைப் பார்த்தாள். அப்புறம் ஒருநாள் அவன் கண்ணைப் பார்த்து, உதட்டைக் குவித்து, "ஊது" என்றாள்.

அதை வீடியோ எடுத்து அனுப்பினான். நெரிசலில் பாலத்தின் மேல் நின்றிருந்த பஸ்ஸில் பிரேமலா அதைச் சத்தமாக வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டாள். பக்கத்து இருக்கைச் சீனப் பெண்மணி எட்டிப் பார்த்தபோது, "மை டாட்டர்!" என்று போனையே அவள் கையில் கொடுத்துவிட்டாளாம்.

ஷர்மைனுக்கு மூன்று வயதான பின் ஒரு ஞாயிறு, மாதா கோயில் தமிழ்ப் பூசையில் மைக் கீச்சிட்டது. அவள் காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். பின்னாலிருந்து ஒருவர், "புள்ளைய அடக்க மாட்டாங்களா?" என்றார்.

கிரகோரி வாய் திறப்பதற்குள் பிரேமலா திரும்பினாள். "அவளுக்கு ஆட்டிசம் அங்கிள். சத்தம் தாங்க மாட்டா. வெளிய கொஞ்சம் நடந்தா சரியாயிடுவா. ஒன்றர வயசுலயே கண்டுபுடிச்சிட்டோம். இவருதான் கண்டுபுடிச்சாரு."

கோயிலே திரும்பிப் பார்த்தது. கிரகோரிக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. நெஞ்சு மட்டும் நிமிர்ந்துகொண்டது.

பூசை முடிந்ததும் பாடற்குழுவில் பாடும் ஜெரால்டின், கைக்குழந்தையோடு அவனைத் தேடி வந்தாள். "அண்ணே, இவனும் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறான். வீட்டுல சொன்னா என்னைத்தான் திட்டுறாங்க."

"புதன்கிழம எனக்கு ஆஃப். நானே கார்ல கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போறேம்மா."

அந்தப் பையனுக்குக் காதுக்குள் நீர் கட்டியிருந்தது. வைத்தியம் பார்த்ததும் கேட்கத் தொடங்கிவிட்டான். ஜெரால்டின் கேக் கொண்டுவந்து கொடுத்தபோது, தன் பிள்ளைக்கே சரியானதுபோல் கிரகோரி சிரித்தான்.

ஷர்மைன் இப்போது பயிற்சி மையத்துக்குப் போகிறாள். பேச்சு இன்னும் கொஞ்சம்தான், பிடிவாதம் நிறைய. மையம் விட்டதும் பையை அப்பாவின் கையில் திணித்துவிட்டு, முதலாளி போல முன்னால் நடக்கிறாள். எதிரே வருபவர்கள் வழிவிட, ராத்திரி ஷிப்ட் களைப்போடு பின்னால் போகும் கிரகோரி, கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு போகிறான்: "என் மக."