ஐந்தாம் புரட்டாதிச் சனி

என் கணவரின் பெயரை நான் வாய்விட்டுச் சொல்வதில்லை. இருபத்தாறு வருடமாக "இஞ்சருங்கோ"தான். வங்கியிலோ டொக்டரிடமோ கேட்டால் எழுதிக் கொடுப்பேன். ரொறன்ரோவில் பிறந்த என் மகனுக்கு இது பெரிய பகிடி. தகப்பனின் பெயர்தான் இங்கே அவனுக்குக் கடைசிப் பெயர், ஆகவே என் பிள்ளையின் முழுப்பெயரையும் நான் சொன்னது கிடையாது. அந்தப் பெயரை ஒரு மைதானமே சேர்ந்து கத்துவதை ஒரு சனிக்கிழமை வேலிக்கு வெளியே நின்று கேட்டேன். என் வீட்டில் என்ன நடக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிய வந்தது.

மகன் பள்ளிக்கூடத்தில் ஃபுட்போல் விளையாடினவன். காலால் உதைக்கிற பந்து இல்லை. பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவன் ஓட, மற்றவன் இடித்து விழுத்துகிற விளையாட்டு. இவனுடைய வேலை விழுத்துவது. பதினோராம் வகுப்பில் அப்படி விழுத்தப் போய்த் தலையில் அடிபட்டு, மூன்று கிழமை திரை இழுத்த அறைக்குள் கிடந்தான். வெளிச்சம் பட்டால் சத்தி, வயிற்றில் ஒன்றும் தங்காது. ஒருநாள் காலை என்னை யாரோ என்பது போலப் பார்த்தான். அந்தப் பார்வை இன்னும் என் வயிற்றுக்குள் கிடக்கிறது. எழும்பி நடமாடத் தொடங்கியதும் என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான்.

"இனி விளையாடமாட்டன் அம்மா."

தகப்பன் பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும்போது அவனுக்கு ஏழரைச் சனி தொடங்கிவிட்டது, தலைக்குக் கண்டம் என்று ஊரிலிருந்து சாத்திரியார் ஃபோனில் சொன்னார். அந்த வருடம் புரட்டாதியில் ஐந்து சனிக்கிழமை. ஐந்துக்கும் விரதம் பிடித்தேன். காலையில் மில்லிக்கனில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து காரில் கோயிலுக்குப் போய் எள்ளுப் பொட்டலத்தை நல்லெண்ணெயில் எரிப்பேன். வீட்டுக்கு வந்து எள்ளுச்சோறு சமைத்து, காகத்துக்கென்று பின்வளவு வேலியில் ஒரு பிடி வைப்பேன். அதை அணில் தின்னும். பிறகு பச்சைத்தண்ணீரோடு காத்திருப்பேன்.

கணவருக்குச் சனிக்கிழமைகளில் ஓவர்ரைம், மகனுக்கு லைப்ரரி. அப்படித்தான் சொன்னார்கள். அவர் வந்து உடம்பு கழுவிச் சாப்பிட இருந்த பிறகுதான் நான் ஒரு வாய் வைப்பேன். சில நாள் ஐந்து மணி ஆகும், ஒருநாள் எட்டு மணி. மனுசன் மாடாய் உழைக்குது என்று இரங்கி இன்னும் இரண்டு அப்பளம் பொரித்து வைப்பேன். அவர் கோழி கொறிப்பது போலக் கொறிப்பார். வேலைக் களைப்பு என்று நினைத்தேன், நான் ஒரு விசரி.

நாலாவது சனி கோயிலில் கூட்டம் இல்லை, பூசை வேளைக்கே முடிந்துவிட்டது. பிள்ளை லைப்ரரியில் பட்டினி கிடந்து படிக்கிறானே என்று பிரசாதத்தை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போனேன். ஃபோன் அடித்தால் அவன் எடுக்கவில்லை. லைப்ரரியைத் தேடி நடந்தபோது மைதானத்தில் ஒரே ஆரவாரம். மைக்கில் ஒருவன் அந்தப் பெயரைச் சொன்னான். உடனே சனம் முழுக்க அதைக் கத்தத் தொடங்கியது. வெள்ளைக்காரப் பெடியள் அதைக் கடித்துக் குதறிக் கத்தினார்கள், ஆனாலும் எனக்கு விளங்காதா?

கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஒருவனை விழுத்திவிட்டு எழும்பி வந்தவனின் முகம் ஹெல்மெற்றுக்குள் இருந்தது. நடையைக் கண்டதும் இவன்தான் என்று தெரிந்துவிட்டது. தகப்பனுக்குத் தெரியாமல் இது நடக்காது என்று பிறகு சனத்துக்குள் தேடினேன். மூன்றாவது வரிசையில், முதுகில் தன் பெயரையே பெரிய எழுத்தில் போட்ட நீல ஜேர்சியோடு, ஒரு கையில் ஹொட்டோக், மற்றக் கையைத் தூக்கி ஆட்டியபடி என் ஓவர்ரைம்காரர். பக்கத்தில் இருந்தவர்கள் அவர் தோளில் தட்டினார்கள். முதல்நாள் வந்தவரை அப்படித் தட்டமாட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள் என்றால், அந்தச் சோற்றைச் சமைத்துக் கொடுத்தவள் நான்.

வீட்டுக்கு வந்து காத்திருந்தேன். இருவரும் வந்தவுடன் பிரசாத டப்பாவை மேசையில் வைத்தேன்.

"கிரவுண்டுக்குக் கொண்டு வந்தனான். உங்களுக்குக் கை ரெண்டும் வேலையாய் இருந்தது," என்று அவரிடம் சொன்னேன்.

அவர் முகம் செத்துப்போனது. "உமக்குச் சொன்னா விடமாட்டீர். அவன்ரை ஆசையப்பா அது."

"என்ரை தலையிலை கை வைச்சவன்."

மகன் என் கையைப் பிடித்தான். என்னைத் தேற்றுவதாக நினைத்துத்தான் சொன்னான். "அம்மா, நீங்கள் ஃபாஸ்ற் பண்ணுறபடியால்தான் எனக்குப் பயமே வரேல்லை. எவ்ரி கேமுக்கு முதலும் நினைப்பன், அம்மா கோயிலுக்குப் போயிட்டா, ஐம் சேஃப் எண்டு."

கையை இழுத்துக்கொண்டேன். பொய்யைக்கூட ஒருவேளை மறந்திருப்பேன். இவன் யாரோடும் மோதக்கூடாது என்று நான் வயிறு காய்ந்தேன். அந்தக் காய்ந்த வயிற்றை இவன் இன்னொரு ஹெல்மெற்றாகப் போட்டுக்கொண்டு மோதினான். தகப்பனும் மகனுமாக என்னை மட்டுமா ஏமாற்றினார்கள், என் விரதத்தையும் களவாடினார்கள். அந்தக் கிழமை முழுக்க நான் இருவரோடும் கதைக்கவில்லை.

ஐந்தாவது சனி அவர்களுடைய அணிக்கு முக்கியமான ஆட்டம். வென்றால்தான் அடுத்த சுற்று. காலை ஏழு மணிக்கு மகன் பையோடு கீழே இறங்கி வந்தான். நான் குசினி மேசையில் பாணும் சம்பலும் வைத்துக்கொண்டு இருந்தேன்.

"அம்மா, இண்டைக்குச் சனிக்கிழமை."

"ஓம். தெரியும்."

ஒரு துண்டு பாணைப் பிய்த்து, சம்பலில் தொட்டு, அவனைப் பார்த்துக்கொண்டே வாயில் வைத்தேன். அவன் அசையாமல் நின்றான். தகப்பன் காரில் ஹோர்ன் அடித்ததும் போனான்.

கதவு சாத்திய சத்தம் கேட்டதும் வாயில் இருந்ததைச் சிங்கில் துப்பினேன். மூன்று தரம் கொப்பளித்தேன். தலையில் தண்ணீர் வார்த்துக்கொண்டு ஈரக்கூந்தலோடு கோயிலுக்கு ஓடினேன். வழக்கமாக ஒரு பொட்டலம் எரிக்கிற நான் அன்று ஒன்பது எரித்தேன். ஐயர்கூட ஒருமாதிரிப் பார்த்தார். ஆட்டம் முடிகிற நேரம் வரை நவக்கிரகத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

பின்னேரம் மகன் வந்தான். உடுப்பில் ஒரு புல் இல்லை, மண் இல்லை.

"தலை இடிக்குது எண்டு கோச்சுக்குச் சொல்லிப்போட்டன்," என்றான். "பெஞ்சிலை இருந்தனான். பயமாய் இருந்தது."

அணி தோற்றுவிட்டது. அவர்களுக்கு அந்த வருட விளையாட்டு அதோடு முடிந்தது. அவன் மேலே போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுதான். கணவர் படியில் இருந்துகொண்டு என்னை ஒரு கொலைகாரியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவன் விளையாடவில்லை. நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. அவன் பெஞ்சில் நடுங்கிக்கொண்டு இருந்த நேரம் முழுக்க நான் பட்டினியோடு கோயிலில்தான் நின்றேன் என்பதை இன்றுவரை அவனுக்குச் சொல்லவில்லை.