ஆனேக்கல்லில் திரும்பி வந்த மூச்சு

தாய் மாரியம்மனின் பிள்ளைகள் எல்லோருக்கும் வணக்கம். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அதனால் எழுதித் தருகிறேன்.

1998 ஆடி மாதம் என் வீட்டுக்காரர் தூக்கத்தில் என் முன்பல்லை உடைத்தார். வேண்டும் என்று செய்யவில்லை. அதைத்தான் என்னால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

நாங்கள் கன்னட மண்ணில், மர்பி டவுனில் இருக்கிறோம். அவருக்கு அப்போது பேக்கரியில் இரவு வேலை. காலையில் வந்து, அலுப்புக்குக் கொஞ்சம் சாராயம் குடித்துப் படுத்தால் குறட்டை தெருவுக்கே கேட்கும். திடீரென்று சத்தம் நிற்கும். மூச்சும் நிற்கும். முகம் கறுத்து, கழுத்து நரம்பு புடைத்து, கைகால் வெட்டி இழுக்கும். ஓடிப்போய் ஒருக்களித்துப் புரட்டுவேன். அப்போதுதான் மூச்சு வரும். அந்த நேரத்தில் கை எங்கே விழும் என்று சொல்ல முடியாது. என் கண், தோள், விலா எல்லாம் கன்றிப் போயிருக்கும். விழித்தால் அவருக்கு எதுவும் நினைவிருக்காது. என் முகத்தைப் பார்த்து அழுவார். ஒருமுறை வேலையில் நின்றபடியே தூங்கி, அடுப்புக் கதவில் கை பட்டு, முழங்கைவரை தோல் உரிந்து வந்தார்.

படுக்கையில் நடப்பதை வெளியில் எப்படிச் சொல்வது என்று எனக்குக் கூச்சம். குழாயடியில் வழுக்கி விழுந்தேன் என்பேன். பக்கத்து வீட்டம்மா, "உங்க குழாய்க்கு அஞ்சு விரலாம்மா கீது?" என்று சிரிப்பாள்.

பல் போன அன்று என் தம்பி சேகர் வந்துவிட்டான். என் வாயில் ரத்தத்தைப் பார்த்தான். தூங்கிக்கொண்டிருந்தவரைத் தலைமுடியைப் பிடித்து வாசலுக்கு இழுத்தான்.

"இன்னா மாமா, என் அக்கா இன்னா உன் பேக்கரி மாவா? போட்டுக் குத்தறே?"

செருப்பால் அடித்தான். கீழே தள்ளி மிதித்தான். தெருவே நின்று பார்த்தது. அவர் கையைக்கூடத் தூக்கவில்லை. "அடிடா. தூக்கத்துல நான் இன்னா பண்றேன்னு எனக்கே தெர்லடா" என்றார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு ஊமையாக நின்றேன்.

அதைக் கேட்டதும் சேகர் நிறுத்தினான். "தெரியாம பண்றார்னா இது வேறக்கா. மேல எதுவோ ஏறி உக்காந்துக்கினு கீது."

அதற்கு முன்பே நாங்கள் குறட்டைக்கு மூக்கில் நெய் விட்டிருந்தோம், இஞ்சிச் சாறு கொடுத்திருந்தோம், தாயத்தும் கட்டியிருந்தோம். இப்போது சேகரையும் கூட்டிக்கொண்டு ஆனேக்கல் பக்கம் பேய் ஓட்டுகிற ஒருவரிடம் போனோம். அவர் முறை சொன்னார். இரண்டு நாள் தூங்க விடக்கூடாது. மூன்றாம் நாள் மதியம் பலகையில் மல்லாக்கக் கட்டித் தூங்கவிட வேண்டும். பேய் வந்து கழுத்தைப் பிடிக்கும்போது அடித்து விரட்ட வேண்டும். எலுமிச்சம்பழம் அறுக்கும்வரை வீட்டார் தொடக்கூடாது, பேசக்கூடாது.

மல்லாக்கப் படுத்தால்தான் என் வீட்டுக்காரருக்கு மூச்சு அதிகம் நிற்கும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

கட்டிய உடனே தூங்கிப் போனார். மூச்சு நின்றது. "வந்துட்டான்!" என்று அந்த ஆள் புளிய விளாறால் நெஞ்சில் அடித்தார். என் வீட்டுக்காரர் அலறி விழித்தார். மறுபடி சொக்கினார். மறுபடி அடி. தோல் வெடித்து ரத்தம் பலகையில் வழிந்தது. மிளகாய்ப் புகை வேறு. மூன்றாம் முறை அடித்தபோது அவர் அசையவில்லை. உதடு நீலமாகிவிட்டது.

நான் கண்ணை மூடினேன். "மாரியாத்தா, அவர எனக்குக் குடு. இல்லன்னா என்னையும் எடுத்துக்கோ." அவ்வளவுதான் கேட்டேன். கண் திறந்தபோது என் கால் நடந்துகொண்டிருந்தது. அது என் தைரியம் இல்லை. என்னை எனக்குத் தெரியும்.

"சும்னே நில்லும்மா, தொட்டா உன்மேல ஏறிக்கும்!" என்று அந்த ஆள் என் கையைப் பிடித்தார். விளாறைப் பிடுங்கி அந்த ஆள் முகத்திலேயே அடித்தேன். காது கிழிந்தது. பழத்துக்கு வைத்திருந்த கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தேன்.

"சேகர், பிடிடா! பேயும் இல்ல ஒண்ணும் இல்ல! மல்லாக்கப் படுத்தா மூச்சு நிக்குது! பத்து வருஷமா நான்தான்டா திருப்பிப் போடறேன்!"

இருவருமாகப் புரட்டினோம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். மூச்சு வந்துவிட்டது.

சேகர் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். "இத்த அன்னிக்கே சொல்லியிருந்தா மாமாவ நான் தொட்டிருப்பனாக்கா?"

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி. காயத்துக்கு மருந்து போட்ட டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "யாக்கம்மா, ஏன் இத்தனை வருஷம் சொல்லல?" என்று திட்டினார். இதற்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயராம். தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சு வழியை அடைக்கிறதாம். காற்றைத் தள்ளித் தரும் மெஷின் உண்டு, ஆனால் எங்களால் வாங்க முடியாது. அது கிடைக்கும்வரை எடை குறைக்க வேண்டும், சாராயம் கூடாது, மல்லாந்து படுக்கக் கூடாது என்றார். பனியன் முதுகில் பை தைத்து ஒரு டென்னிஸ் பந்தைப் போடச் சொன்னார். மல்லாந்தால் பந்து குத்தும், தானாகவே புரண்டுவிடுவார். சேகர்தான் பந்து வாங்கி வந்தான். "இன்னா மாமா, முதுகாலயே பவுலிங்கா?" என்றான். அடிபட்ட நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்தார்.

சாராயத்தை விட்டார். பகல் வேலைக்கு மாறினார். உடம்பு இளைத்தது. சில வருஷம் கழித்து மெஷினும் கிடைத்தது.

இப்போது ஆடி வெள்ளியில் கூழ் ஊற்றும்போது வரிசையில் நிற்கும் பெண்களிடம் நானே கேட்கிறேன், உங்கள் வீட்டில் யாருக்காவது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று. சிலர் சிரிக்கிறார்கள். சிலர் என்னைத் தனியாக அழைத்துப் போய் அழுகிறார்கள். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். தாயிடம் கேளுங்கள், கேட்டுவிட்டு எழுந்து டாக்டரிடம் போங்கள். அவள் கூடவே வருவாள்.

இன்று ஞாயிறு மதியம். அவர் உள்ளே தூங்குகிறார். மூச்சு சீராக வந்துகொண்டிருக்கிறது. தாயே, உனக்குக் கோடி நமஸ்காரம்.